கைமாத்து மீன்

மேனேஜர் விசில் ஊதாமல் வாயைத் திறந்து பேசினார் என்றால் ஏதோ வில்லங்கம் வருகிறது என்று மீன் வெட்டும் பெண்களுக்குத் தெரியும். அன்று அவர் பேசினார். போதாக்குறைக்குச் சிரித்துக்கொண்டே பேசினார்.

“கத்தியக் கீழ வைங்கம்மா. ஒரு நல்ல சேதி.”

யாரும் வைக்கவில்லை. டிரே நிறையவில்லை என்று பிறகு கேட்கப்போவதும் அதே வாய்தான்.

படகுத்துறையை ஒட்டி நீளவாக்கில் கிடந்த தகரக் கொட்டகை அது. ஷெட் என்றால்தான் யாருக்கும் புரியும். மழை பெய்தால் காது கிழியும், வெயில் அடித்தால் மண்டை கொதிக்கும். காலுக்குக் கீழே மட்டும் எந்தக் காலத்திலும் ஐஸ் தண்ணீர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே எவர்சில்வர் மேசை. பெண்கள் அதில் தோளோடு தோள் உரச நின்று, மீனின் வயிற்றைக் கிழித்து, செவுளைப் பிடுங்கி, குடலை வழித்து டிரேயில் போடுவார்கள். ஆளுக்கொரு டிரே. ஷிப்ட் முடிவதற்குள் ஒவ்வொருத்தியும் இத்தனை டிரே நிரப்ப வேண்டும் என்று கம்பெனி கோடு போட்டு வைத்திருந்தது. கோட்டைத் தொடாதவளை மேனேஜர் திட்டமாட்டார். “நாளைலேருந்து ரெஸ்ட் எடும்மா” என்பார். அத்தனை மரியாதையாகச் சோற்றில் மண்ணைப் போடத் தெரிந்தவர் அந்தத் துறைமுகத்தில் அவர் ஒருவர்தான்.

“கடற்கரையில சாப்பாட்டுத் திருவிழா நடக்கப்போகுதுல்ல,” என்றார் மேனேஜர். “வெளியூர்க்காரங்க பஸ் பஸ்ஸா வர்றாங்க. முத நாள் பாட்டு, போட்டி. ரெண்டாம் நாள்தான் பெரிய விருந்து. கரையில நீளமா அடுப்பு போட்டு வந்தவங்க அத்தனை பேருக்கும் மீன் சுட்டுத் தர்றாங்க. மீன் முழுக்க நம்ம கம்பெனி மீன்.”

“அப்ப எங்களுக்கும் சாப்பாடு உண்டா சார்?” என்று கேட்டாள் ரேடியோ. மூடவே தெரியாத வாய் என்பதால் வந்த பெயர்.

“உங்களுக்குப் போட்டி உண்டு. மேடையில நின்னு மீன் வெட்டணும். யாரு வேகமா வெட்டுறாங்கன்னு பாக்கப்போறோம். தட்டுல வர்ற மீனு எங்கேருந்து வருதுன்னு அவங்களும் பாக்கட்டுமே. ஜெயிக்கிறவங்களுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்.”

“நாள் பூரா ஐஸ்ல நிக்கிறவளுக்கு வீட்டுலயும் ஐஸா?” என்றாள் ரேடியோ.

மேசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. மேனேஜரும் சிரித்துவிட்டு, வாசல் பக்கம் நின்றவர்களை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நீ, நீ, ரேடியோ நீ. வெட்டுக்கிளியைக் காட்டியபோது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஒல்லி உடம்பும் வெளியே துருத்திய முழங்கையுமாக அவள் வெட்ட ஆரம்பித்தால் கத்தி கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் அவருடைய விரல் அவளுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணியிடம் போய் நின்றது.

“நீங்களும் வாங்கம்மா.”

வெட்டுக்கிளியின் கத்தி அப்போதுதான் நின்றது.

அண்ணி என்றால் அவளுடைய சொந்த அண்ணன் பெண்டாட்டி. ஷெட்டில் எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஐஸ் தண்ணீரிலேயே ஊறி ஊறி அண்ணியின் வலது கை முட்டு முட்டாக வீங்கிப் போயிருந்தது. கத்தி இல்லாதபோதும் அந்தக் கை கத்தியைப் பிடித்த மாதிரியே வளைந்து நிற்கும். அந்தக் கையால் கோட்டைத் தொட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அண்ணியின் டிரே கணக்கு சரியாக வந்தது. காரணம் கைமாத்து.

கைமாத்து என்பது ஷெட்டில் மேனேஜர் காதுக்கு எட்டாத சொல். டிரேக்கள் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கும். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில், வெட்டிய மீனைத் தன் டிரேயில் போடாமல் புறங்கையால் ஒரு தட்டு தட்டினால் ஈர மேசையில் வழுக்கிக்கொண்டு பக்கத்து டிரேக்குப் போய்விடும். பிள்ளைத்தாய்ச்சிக்கு, காய்ச்சல்காரிக்கு, வீட்டில் சாவு விழுந்து கண் வீங்கி வந்தவளுக்கு என்று எல்லோருக்கும் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். திருப்பித் தரவேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. யார் யாருக்குப் போட்டார்கள் என்று பேசுவதும் கிடையாது. அண்ணிக்குப் பக்கத்தில் நின்றது வெட்டுக்கிளி என்பதால் அண்ணிக்குப் போடுவது அவள் கை. அவளே யோசிக்க வேண்டியதில்லை; மூச்சு விடுகிற மாதிரி அது தானாகப் போடும்.

மத்தியானம் லீவு கேட்க ஆபீசுக்குப் போன ரேடியோ, லீவும் இல்லாமல் முகமும் இல்லாமல் திரும்பி வந்தாள்.

“மேனேஜர் போன்ல முதலாளிகிட்ட பேசிட்டு இருந்தாருடி. ஷெட்டுல கணக்கு சரியாத்தான் வருது, ஆனா அந்தம்மா கைக்கு அப்படி வெட்ட வராது, எங்கேயோ தில்லுமுல்லு நடக்குதுங்கிறாரு. மேடையில ஆளாளுக்குத் தனியா வெட்டட்டும், யாரு கடைசியா வர்றாங்களோ அவங்களை சீசன் முடிஞ்சதும் அனுப்பிடலாம்னு சொல்றாரு.”

“அந்தம்மான்னா?” என்றாள் வெட்டுக்கிளி.

“ஏன், உனக்குத் தெரியாதா?”

தெரியும். ஃப்ரிட்ஜ் யாருக்கு என்று பார்க்கும் போட்டி இல்லை அது.

சாயங்காலத்துக்குள் எல்லோரும் பேசி முடித்தார்கள். மேடையில் எல்லோரும் ஆமை. அண்ணி ஒரு மீன் முடித்தால்தான் மற்றவர்களும் ஒரு மீன் முடிக்க வேண்டும். யாரும் முதலும் இல்லை, யாரும் கடைசியும் இல்லை. ஃப்ரிட்ஜை மேனேஜரே தூக்கிக்கொண்டு போகட்டும்.

வீட்டில் அண்ணி பிளாஸ்டிக் வாளியில் சுடுதண்ணீர் ஊற்றிக் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமைப்பது, படுப்பது, சண்டை போடுவது எல்லாம் ஒரே அறைதான். ஐஸ் பெட்டி முதுகில் விழுந்ததிலிருந்து அண்ணன் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். அண்ணியின் சம்பளத்தில்தான் வாடகை போனது, மருந்து போனது. வெட்டுக்கிளியின் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது.

“ஜெயிச்சா ஃப்ரிட்ஜாமே,” என்றான் அண்ணன்.

“அதை வைக்க இடம் எங்க இருக்கு? உங்களைத் தூக்கி வெளியில போட்டாத்தான் உண்டு.”

“வெளியில காத்து நல்லாத்தான் வரும்.”

அண்ணி சிரிக்கவில்லை. வெட்டுக்கிளியைப் பார்த்து, “மேடையில கைமாத்து கிடையாது, கேட்டியா?” என்றாள்.

“பேசியாச்சு அண்ணி. எல்லாரும் மெதுவாத்தான் வெட்டுறோம்.”

“மத்தவளுங்க மெதுவா வெட்டுவாளுங்க. நீ வெட்டுவியா?”

“வெட்டுவேன்.”

“உன் கை உன் பேச்சைக் கேக்காதுடி.”

“கேக்க வைக்கிறேன்.”

புருஷனோடு இனி முடியாது என்று ஒற்றைப் பையோடு வந்து அந்த வாசலில் நின்ற நாளை வெட்டுக்கிளி மறந்துவிடவில்லை. ஏன் வந்தாய் என்று அண்ணி கேட்கவில்லை. அண்ணன்கூட ரெண்டு கேள்வி கேட்டான். அண்ணி இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். அந்தக் கைக்காக மேடையில் ஆமையாகவாவது நிற்க முடியாதா என்ன.

திருவிழா அன்றைக்குக் கடற்கரையை அடையாளமே தெரியவில்லை. வலை காயும் இடத்தில் கூடாரங்கள், படகு இழுக்கும் இடத்தில் மேசை நாற்காலிகள். ஒரு பக்கம் கணவாய் பொரிந்தது, இன்னொரு பக்கம் இறால் வெந்தது. பீர் கடை முன்னால் நின்ற கும்பல் மீன் கடை முன்னால் நிற்கவில்லை. வெளியூர்க்காரர்கள் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு, சாப்பிடுவதற்கு முன்னால் தட்டைப் படம் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கடலிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை. கடலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ஷெட் இருப்பதை எழுதப் பதாகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

விழாக்காரர் ஒருவர் ஓடி வந்து பெண்களுக்கு நீலத் துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டச் சொன்னார். ரப்பர் பூட்சைக் கழற்றிவிட்டுப் புது வெள்ளைச் செருப்பைப் போடச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, எலுமிச்சம்பழத் துண்டுகளை நீட்டிக் கையில் தேய்த்துக்கொள்ளச் சொன்னார்.

“எதுக்கு சார்?”

“வாசனைக்கு. முன் வரிசையில விருந்தாளிங்க உக்காருவாங்க.”

“மீன் வெட்டுறதைப் பாக்க வந்துட்டு மீன் நாத்தம் கூடாதா?” என்றாள் ரேடியோ. எலுமிச்சையைக் கையில் தேய்க்காமல் வாயில் போட்டுச் சப்பினாள்.

மேடையில் ஆளுக்கொரு மேசையாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நடுவில் இடைவெளிகூட இல்லை, மேடை அவ்வளவு சின்னது. மேலே ஒரு கேமரா. பின்னால் சுவர் மாதிரி ஒரு திரையில் அவர்கள் கைகள் மட்டும் யானைத் தும்பிக்கை அளவுக்குத் தெரிந்தன. முன் வரிசையில் மேனேஜர், பக்கத்தில் முதலாளி. மேனேஜரின் கையில் விசில் இல்லை. கைக்கடிகாரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்து நின்ற மைக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல, போட்டி தொடங்கியது.

வெட்டுக்கிளி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக வெட்டினாள். அண்ணி வயிற்றைக் கிழித்ததும் அவளும் கிழித்தாள். அண்ணி செவுளைப் பிடுங்கும்வரை கையை மீன்மேல் வைத்துக் காத்திருந்தாள். அது நடக்கத் தெரிந்தவனைத் தவழச் சொன்ன மாதிரி இருந்தது. ரேடியோ மீனோடு பேசிக்கொண்டே வெட்டினாள். எல்லாம் பேசியபடிதான் நடந்தது.

மைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. “என்னங்க இது, நம்ம அக்காங்க எல்லாரும் தூக்கத்துல இருக்காங்களா? மீனுக்கு வலிக்கும்னு பாக்குறாங்களோ?” கூட்டம் சிரித்தது. “இவங்கதான் இந்தத் துறைமுகத்துலயே வேகமான ஆளுங்கன்னு சொன்னாங்களே. எனக்கு ஆள் மாத்திக் குடுத்துட்டாங்களா?”

பீர் கிளாசோடு நின்ற ஒருவன், “நான் வந்து வெட்டவா?” என்று கத்தினான். இன்னும் பெரிய சிரிப்பு.

வெட்டுக்கிளிக்குக் காது சூடானது. இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை யாரும் நின்று பார்த்ததில்லை. டிரேயைத்தான் பார்ப்பார்கள். அவளிடம் நகை கிடையாது, படிப்பு கிடையாது, புருஷன் கிடையாது. இருந்தது இந்தக் கை ஒன்றுதான். அதைப் பார்த்து பீர் குடிக்கிறவன் சிரிக்கிறான். ஒரே ஒரு மீன், என்று நினைத்தாள். ஒரே ஒரு மீனை மட்டும் ஒழுங்காக வெட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப ஆமையாகிவிடலாம்.

வெட்டினாள். கூட்டம் ஓ என்றது.

அதற்கப்புறம் அவள் கையில் அவள் இல்லை. கிழித்தாள், பிடுங்கினாள், வழித்தாள், போட்டாள். திரையில் அவள் கத்தி வெறும் வெளிச்சமாக ஓடியது. கை தட்டினார்கள். மைக்காரர் மைக்கை விழுங்கிவிடுவார் போலக் கத்தினார். “ஏய், மெதுவாடி,” என்று ரேடியோ பல்லுக்கிடையில் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. கை அதன் பழக்கத்துக்கு ஓடியது. டிரேயில் பாதிக்கு மேல் ஏறியதும், ஷெட்டில் எத்தனையோ வருஷமாகச் செய்ததை அதுவாகவே செய்தது. புறங்கையால் ஒரு தட்டு. மீன் வழுக்கிக்கொண்டு போய் அண்ணியின் டிரேயில் விழுந்தது.

பின்னால் இருந்த திரையில் அந்த மீன் ஒரு படகு அளவுக்கு இருந்தது.

“பாருங்க பாருங்க, ஒரு மீன் பக்கத்து வீட்டுக்கு நீந்திப் போயிடுச்சு,” என்றார் மைக்காரர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார். பல நாள் திறக்காத பூட்டுக்குச் சாவி கிடைத்தவனின் முகம் அது.

“கை வழுக்கிடுச்சு சார்,” என்றாள் ரேடியோ அவசரமாக. “இந்தப் புதுச் செருப்பு, நிக்கவே முடியலை.”

“செருப்பு கையிலயா போட்டிருக்கா?” மேனேஜர் வெட்டுக்கிளியையே பார்த்தார். “ஷெட்டுலயும் இப்படித்தான் வழுக்குதா?”

வெட்டுக்கிளி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் மீனின் குடலை அதே வேகத்தில் வழித்துக்கொண்டிருந்தாள். ஆமாம் சார், தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்திருக்கலாம். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் மேனேஜர் ஒரு விரலை நீட்டி, “அந்த மீனை எடுத்து உன் டிரேயில போடு” என்றார். நாய்க்குச் சொல்கிற மாதிரி. அந்த விரலைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ வெந்து மேலே வந்தது.

“வழுக்கலை சார். போட்டேன்.”

“என்னது?”

“போட்டேன்னு சொல்றேன். தெரியலைன்னா இன்னொரு தடவை போடுறேன், பாத்துக்குங்க.”

அவள் இன்னொரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். கேமராவுக்கு நன்றாகத் தெரிய ஒரு நிமிஷம் உயர்த்திப் பிடித்தாள். பிறகு அண்ணியின் டிரேயில் வைத்தாள். ரேடியோ “அட போங்கடி” என்று முனகிவிட்டுத் தன் மீனைத் தூக்கிப் பக்கத்தில் நின்றவளுக்குப் போட்டாள். அவள் அடுத்தவளுக்குப் போட்டாள். மேடை முழுக்க மீன் கைமாறியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பீர்க்காரன் விசிலடித்தான். ஃப்ரிட்ஜ் யாருக்கு என்று சொல்லாமலே மைக்காரர் போட்டியை முடித்துவைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணி முன்னால் முன்னால் போனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பாட்டுச் சத்தம்.

“கோவமா அண்ணி?”

“என் கைய ஊருக்கே படம் போட்டுக் காட்டிட்டே.”

“நான் வேணும்னு...”

“முத மீனு வேணும்னு போடலை. தெரியும். ரெண்டாவது?” அண்ணி நின்றாள். “அது யாருக்காகப் போட்டே? எனக்காகவா? என்கிட்ட கேட்டியா?”

அண்ணி மறுபடி நடந்தாள்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் புது மர வாடை மீன் வாடையை மீறி அடித்தது. எவர்சில்வர் மேசையில் இரண்டு ஆளுக்கு நடுவில் ஒரு பலகை அடித்து வைத்திருந்தார்கள். தோள் உயரத்துக்கு. பக்கத்தில் நிற்கிறவளின் முகத்தை மட்டும் பார்க்கலாம், டிரே தெரியாது. வாசலோரம் தனியாக ஒரு சின்ன மேசை. அதில் அண்ணியை நிற்கச் சொன்னார் மேனேஜர். அவர் கழுத்தில் விசில் திரும்ப வந்திருந்தது.

“விருந்து மதியானம். அதுக்குள்ள எல்லா மீனும் போகணும். அவங்கவங்க டிரே அவங்கவங்களுக்கு. இன்னைக்குத் தெரிஞ்சிடும்.”

மீன் மலையாகக் குவிந்து கிடந்தது, அதன்மேல் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

வெட்டுக்கிளி கத்தியை எடுத்தாள். பலகையைப் பார்த்தாள். தொழுவத்தில் மாட்டைக் கட்டுகிறவன்கூட இப்படி மறைப்புக் கட்டமாட்டான். கத்தியை மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

“நான் வெட்டலை. பலகையை எடுத்தாத்தான் வெட்டுவேன்.”

ரேடியோவும் வைத்தாள். வரிசையாக டக், டக் என்று கத்திகள் மேசைக்கு வந்தன. மேனேஜரின் கை விசிலுக்குப் போனது.

“எடுங்கடி கத்திய,” என்று ஒரு குரல் வாசல் பக்கமிருந்து வந்தது.

அண்ணி. அவள் ஏற்கெனவே ஒரு மீனை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள்.

“அண்ணி, உங்களுக்காகத்தான்...”

“எனக்காக நீ ஒரு மயிரும் பண்ண வேணாம். நேத்துப் பண்ணது போதும்.” சத்தம் போடாமல்தான் சொன்னாள். “கத்திய வெச்சா என்ன சொல்லுவாங்க? வேலை செய்யலை, அதனால அனுப்பினோம்னு சொல்லுவாங்க. நான் வேலை செய்யத்தான் வந்திருக்கேன். நானும் செய்யுறேன், நீங்களும் செய்யுங்க. ஆனா யாரும் என்னைத் தாண்டக் கூடாது. நான் ஒண்ணு வெட்டினா நீங்களும் ஒண்ணு வெட்டுங்க. பலகை இருந்தா என்ன, நான் இங்க நிக்கிறது தெரியுதுல்ல?”

வாசலோரம் தனியாக நிறுத்தியதால் எல்லோருக்கும் அவள்தான் நன்றாகத் தெரிந்தாள். மேனேஜர் அதை யோசித்திருக்கவில்லை.

அண்ணி கத்தியை மீனுக்குள் விட்டாள். வலது கைக்கு முழுசாக மடங்க வராததால் இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துத்தான் கீழே இறக்கினாள். இத்தனை நாளும் அவள் அதை யாருக்கும் தெரியாமல், உடம்பால் மறைத்துச் செய்தாள். இன்றைக்கு மறைக்கவில்லை. வெளிச்சத்தில் நின்று, முகம் சுளித்து, வயிற்றைக் கிழித்தாள். மேசை முழுக்க வயிறுகள் கிழிந்தன. அவள் செவுளைப் பிடுங்க ஒரு தடவை முயன்றாள், வரவில்லை. எல்லோரும் செவுளில் விரலை வைத்தபடி காத்திருந்தார்கள். இரண்டாம் தடவை வந்தது. எல்லோருக்கும் வந்தது.

ஷெட்டில் அப்படி ஓர் அமைதியை வெட்டுக்கிளி கேட்டதே இல்லை. நேற்று மேடையில் அவளால் முடியாமல் போனது இன்றைக்கு முடிந்தது. கையை நிறுத்துவது அல்ல அது. கண்ணை அண்ணியின் மேல் வைத்தால் போதும், கை தானாகக் காத்திருந்தது. மெதுவாக வெட்டும்போதுதான் தெரிந்தது, அவளுக்கும் விரல் முட்டில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி இருந்தது. எவ்வளவு நாளாக இருந்ததோ. வேகத்தில் தெரியவில்லை.

மேனேஜர் விசில் ஊதினார். யாரும் நிமிரவில்லை. மறுபடி ஊதினார். ரேடியோ, “சார், மீனுக்குக் காது கேக்காது,” என்றாள்.

வெயில் ஏறியது. கரையிலிருந்து அடுப்புக்காரர் வந்தார். பெரிய தொந்தி, கரி படிந்த முகம், கையில் இடுக்கி. அவருக்குப் பின்னால் தள்ளுவண்டி காலியாக நின்றது.

“என்ன சார், மீனு எங்க? அடுப்பு மூட்டியாச்சு. கூட்டம் தட்ட வெச்சுக்கிட்டு வரிசையில நிக்குது. நேத்து அந்த வெட்டுற அக்காங்களைப் பாத்துட்டு இன்னைக்கு டபுள் மடங்கா வந்திருக்காங்க.”

“வந்துட்டே இருக்கு, வந்துட்டே இருக்கு.” மேனேஜர் அண்ணியிடம் போனார். வேர்த்திருந்தார். “ஏம்மா, கொஞ்சம் வேகமா. எல்லாரும் உங்களைப் பாத்துட்டு நிக்கிறாங்க.”

“இதுதான் சார் என் வேகம். நீங்க பாத்ததே இல்லை. இப்பப் பாத்துக்குங்க.”

“நீங்க வேணா உக்காருங்களேன். மத்தவங்க வெட்டட்டும்.”

“உக்காந்தா மத்தவங்களும் உக்காருவாங்க சார். அது நான் சொல்லி நடக்கிறதில்லை.”

மேனேஜர் மேசையைத் திரும்பிப் பார்த்தார். பலகைகளுக்கு மேலே வரிசையாகத் தலைகள். எல்லாம் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தன. “எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்,” என்றார்.

“அனுப்புங்க சார்,” என்றாள் வெட்டுக்கிளி. “இவரு மீனைக் குடலோட சுடட்டும்.”

அடுப்புக்காரர் இடுக்கியால் முதுகைச் சொறிந்துகொண்டார். “என்னங்க நடக்குது இங்க? எனக்கு யாராவது சொல்லித் தொலைங்களேன்.”

“நான் சொல்றேன்,” என்றாள் அண்ணி. கத்தியைக் கீழே வைக்கவில்லை. “என் கை போயிடுச்சு. இந்த ஐஸ்ல, இந்த ஷெட்டுல போச்சு. வேற எங்கயும் கொண்டுபோய்த் தொலைக்கலை. சீசன் முடிஞ்சதும் என்னை அனுப்பணும்னு முதலாளிகிட்ட போன்ல பேசினாரு. அதை என்கிட்டயே சொல்லட்டும்னு காத்துட்டு இருக்கேன். சொல்லுங்க சார். இவங்க எல்லாரும் கேக்கட்டும். அனுப்புறேன்னு சொன்னீங்கன்னா நான் இப்பவே போறேன். இல்ல, அனுப்பலைன்னா அதையும் வாயால சொல்லுங்க.”

மேனேஜர் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரோ ஐஸ் மேல் கால் மாற்றி நின்ற சத்தம் கேட்டது. கரையிலிருந்து மைக்காரரின் குரல் வந்தது; விருந்து இன்னும் சற்று நேரத்தில் என்று அவர் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

“யாரு அனுப்புறாங்க,” என்றார் மேனேஜர் கடைசியில். “யாரும் அனுப்பலை. யாரும் எங்கயும் போகலை. போதுமா?”

“சத்தமா சார். கடைசில நிக்கிறவளுக்குக் கேக்கலை,” என்றாள் அண்ணி.

“யாரும் போகலைன்னு சொல்லிட்டேன்ல.”

“கேட்டுச்சு,” என்றது கடைசிப் பலகைக்கு அப்பாலிருந்து ஒரு குரல். அடுப்புக்காரர் தலையை ஆட்டிவிட்டு, “நானும் கேட்டேன்” என்றார், சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி.

வெட்டுக்கிளியின் உடம்பெல்லாம் விறுவிறுத்தது. இப்போது விட்டால் ஒரு மணி நேரத்தில் இந்த மலையைக் கரைத்துவிடலாம். “அண்ணி, வேகமா வெட்டட்டுமா?”

அண்ணி அடுத்த மீனை எடுத்தாள். மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள்.

“இந்த மாதிரி ஆளுங்க வாக்கு, விருந்து முடியிற வரைக்கும்தான் தாங்கும்,” என்றாள். “பலகையும் இன்னும் அங்கேயேதான் இருக்கு. என் கூடவே வாங்க.”

“அவங்க பசியோட நிக்கிறாங்களே,” என்றார் அடுப்புக்காரர் பரிதாபமாக.

“நிக்கட்டும் அண்ணே. நாங்க தினம் நிக்கிறோம்,” என்றாள் அண்ணி.

மேனேஜர் காலித் தள்ளுவண்டியைப் பார்த்தார். பிறகு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முதல் பலகையின் அடியில் கொடுத்து நெம்ப ஆரம்பித்தார். புது ஆணி கீச்சென்று கத்தியது. அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கத்தி மீனின் வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. மேசை முழுக்க அத்தனை கத்திகளும் அதற்காகக் காத்திருந்தன.